சீட்டில் 'இம்மொபிலைஸ்' என்று எழுதியிருந்தால்

எலும்பு டாக்டர்கள் எழுதித் தரும் சீட்டில் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கில வினைச்சொல் 'இம்மொபிலைஸ்'. மணிக்கட்டை ஆறு வாரம் இம்மொபிலைஸ் செய்யவும், கணுக்காலை இம்மொபிலைஸ் செய்து அனுப்பவும் என்றெல்லாம் வரும். அசையாமல் வை என்பதுதான் அர்த்தம். நான் பிசியோதெரபிஸ்ட். கட்டுப் பிரித்த பிறகுதான் ஆட்களை எங்களிடம் அனுப்புவார்கள் என்பதால், அசையாமல் வைத்ததன் பின்விளைவோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது.

இந்தச் சொல் எலும்போடு நிற்பதில்லை. பாம்புக்கடி முதலுதவியில் இதே சொல் வரும். ஊருக்குள் வந்த காட்டு யானைக்கு மயக்க ஊசி போடச் சொல்லும் வனத்துறை உத்தரவிலும் வரும். புது கார் வாங்கினால் அந்த விவரச் சீட்டிலும் இருக்கும். எங்கே வந்தாலும் அசைவை நிறுத்தச் சொல்கிறது. ஆனால் எதை நிறுத்தணும், எவ்வளவு நேரம், யார் அவிழ்ப்பது என்று அந்தச் சொல்லே சொல்வதில்லை. அதை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். விளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்த ஒரு அம்மா, மகளோடு வந்திருந்தார். மாவுக்கட்டு பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் விரல்கள் பாதி மடங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டன. தோளைத் தூக்கச் சொன்னால் காதுவரைகூடக் கை வரவில்லை.

"கட்டு இருந்தப்போ விரலை மடக்கி நீட்டினீங்களாம்மா?"

"அசைக்கவே கூடாதுன்னு சொன்னாங்களே தம்பி. தூக்கத்துல ஆட்டிடுவேன்னு எம்மவ விரலுக்கும் சேர்த்து துணி சுத்திவிட்டா. தொட்டில் கட்டி மாட்டின கைய இறக்கவே இல்ல."

மகளுக்கு முகம் வாடிப்போயிற்று. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அசைக்காதீர்கள் என்றார்கள், அசைக்காமல் பார்த்துக்கொண்டார். அவ்வளவு அக்கறையோடு செய்த காரியம் அது. மணிக்கட்டுதான் அசையக் கூடாது, விரல், முழங்கை, தோள் மூன்றையும் தினமும் அசைத்துக்கொண்டே இருக்கணும் என்ற பாதியை யாரும் சொல்லவில்லை. மணிக்கட்டுக்குப் போடும் கட்டைக் கவனித்துப் பாருங்கள். உள்ளங்கையில் விரல் மடங்கும் ரேகைக்கு முன்னாலேயே நிறுத்தியிருப்பார்கள். விரல் முழுசாக மடங்கட்டும் என்பதற்காகத்தான் அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள்.

எலும்பை ஏன் அசையாமல் வைக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அதற்குள் புதுத் திசு வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் மெத்தென்ற ஒரு முடிச்சாக மாறி, பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். அந்த முடிச்சு இளசாக இருக்கும்போது எலும்பின் இரு முனைகளும் விலகினாலோ திரும்பினாலோ கோணலாகக் கூடும், சில சமயம் கூடாமலே போகும். உடைந்த இடத்துக்கு மேல் உள்ள மூட்டையும் கீழ் உள்ள மூட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. முழங்காலுக்குக் கீழே நடு எலும்பு உடைந்தால் தொடை வரைக்கும் கட்டு ஏறுவது அதனால்தான். வலியும் இதில் சேர்த்தி. உடைந்த முனைகள் உரசாமல் நின்றாலே பாதி வலி அடங்கிவிடும். விபத்து நடந்த இடத்தில் மூங்கில் பட்டையோ, மடித்த தடித்த அட்டையோ வைத்துத் துணியால் கட்டித் தூக்கினால், ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை அலறல் இருக்காது.

இந்த மாவுக்கட்டுக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன்னால் ஐரோப்பிய ராணுவ டாக்டர்கள் கஞ்சி தோய்த்த துணியைச் சுற்றினார்கள். அது காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். போர்க்களத்தில் அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? 1851-ல் அந்தோனியஸ் மத்தேய்சன் என்ற டச்சு ராணுவ டாக்டர், பருத்தித் துணிப் பட்டைகளில் உலர்ந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைத் தேய்த்து வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் தண்ணீரில் நனைத்துச் சுற்றினார். சில நிமிடங்களில் இறுகிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே கிரிமியப் போரில் ரஷ்ய அறுவை மருத்துவர் பிரகோவ் மாவுக்கட்டைப் பெருமளவில் பயன்படுத்தினார். இன்று மாவுக்கட்டு அறையில் வாளித் தண்ணீரில் ரோலை முக்கிக் குமிழி அடங்கும்வரை காத்திருந்து, பிழிந்து சுற்றுகிறார்களே, அது மத்தேய்சனின் அதே யோசனைதான். கட்டு இறுகும்போது சூடு வரும். பயப்பட வேண்டாம், மாவு தண்ணீரை உள்ளே இழுத்துப் பழையபடி ஜிப்சக் கல்லாக மாறும்போது வெளிவரும் சூடு அது. சீக்கிரம் இறுகட்டும் என்று வெந்நீரில் முக்கினால்தான் ஆபத்து, தோல் வெந்துவிடும்.

நம் பக்கத்தில் வெகு காலமாகப் புத்தூர்க் கட்டு இருக்கிறது. திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் கட்டுவார்கள். சென்னையில் மூலைக்கு மூலை அந்தப் பெயரில் போர்டு தொங்குகிறது. அதை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. விலகாத உடைப்புக்கு மூங்கில் சிம்பும் மாவும் செய்யும் வேலை ஒன்றே. எலும்பு விலகியிருக்கிறதா, மூட்டுக்குள் உடைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்காமலே இறுக்கிக் கட்டும்போதுதான் எனக்கு அச்சம்.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், கட்டு இறுகிய கைகளுக்கு வரும் ஊனத்தைப் பற்றி 1881-ல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் திண்ணையிலிருந்தோ மரத்திலிருந்தோ கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே உடையும். உடைந்த கை வீங்கும். வீக்கத்துக்கு வெளியே போக இடமில்லாதபடி கட்டு சுற்றியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் போல அப்படியே விட்டால் தசை செத்துப்போகும். செத்த தசை சுருங்கி, மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து, விரல்கள் கொக்கிபோல மடங்கி, வாழ்நாள் முழுக்க அப்படியே நிற்கும். எலும்பு உடைந்ததால் வந்த ஊனம் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். கட்டால் வந்தது.

இதற்கு அறிகுறிகள் தெளிவாக இருக்கும். கட்டுப் போட்டும் வலி குறையாமல் மணிக்கு மணி ஏறும். மாத்திரைக்குக் கேட்காது. நாம் மெதுவாகப் பிள்ளையின் விரலை நீட்டிப் பார்த்தால் வீல் என்று கத்தும். விரல் சில்லிட்டு வெளுக்கும், அல்லது நீலம் பாயும். மரத்துப்போச்சு என்று சொல்லும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுப்பு மாறி இரண்டு நொடிக்குள் சிவப்புத் திரும்பணும், திரும்பாது. இதில் எது கண்டாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் கட்டைப் பிளக்க வேண்டும். நல்ல எலும்புப் பிரிவுகளில் முதல் இரண்டு நாள் முழுக்கட்டே போடமாட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் மாவுப் பட்டை வைத்து, மறுபக்கம் வீங்க இடம் விட்டுத் துணி சுற்றுவார்கள். வீக்கம் வடிந்த பிறகுதான் முழுக்கட்டு. கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வைக்கச் சொல்வதும் வீக்கம் வடியத்தான்.

அசையாமல் நிறுத்தியதால் உயிர்கள் பிழைத்த கதையையும் சொல்லாமல் விட முடியாது. முதல் உலகப் போரில் தொடை எலும்பு உடைந்து புண்ணோடு வந்த சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தொடைக்குள்ளேயே லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கும். ஸ்ட்ரெச்சர் குலுங்கக் குலுங்க முனைகள் சதையைக் குத்திக் கிழிக்கும். லிவர்பூலில் பரம்பரையாக எலும்புக் கட்டுப் போட்டுவந்த வேல்ஸ் குடும்பத்தில் பிறந்து, டாக்டருக்குப் படித்தவர் ஹியூ ஓவன் தாமஸ். இடுப்படியில் ஓர் இரும்பு வளையம், இரு பக்கமும் கம்பி, பாதத்தில் ஓர் இழுப்பு என்று அவர் செய்துவைத்த சட்டத்தை அவர் காலத்து டாக்டர்கள் பெரிதாக மதிக்கவில்லை. அவர் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, அவரிடம் தொழில் கற்ற உறவுக்காரர் ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனைக்குக் கொண்டுபோனார். 1916-ல் 80 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 1918-க்குள் 20-க்குக் கீழே இறங்கியது என்று எலும்பு மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள். பிற காரணங்களும் அதில் சேர்ந்திருக்கும். ஆனாலும் அந்த இரும்புக் கம்பிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இன்றும் நம் அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் அதே சட்டத்தில் கால் தொங்குவதைப் பார்க்கலாம்.

மருத்துவம் இந்தச் சொல்லை அளவுக்கு மீறி நம்பிய காலமும் இருந்தது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் மல்லாத்தி வைத்தார்கள். தானாகச் சோறு உண்ணக்கூட விடமாட்டார்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறிப் பலர் செத்தார்கள். 1952-ல் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்ததைப் பற்றி எழுதினார்கள். அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. இன்று அடுத்த நாளே எழுந்து உட்காரச் சொல்கிறோம். முதுகு வலிக்கு முழு ஓய்வு என்ற பழக்கமும் இப்படித்தான் போனது. 1986-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இரண்டு நாள் படுத்தவர்களுக்கும் ஏழு நாள் படுத்தவர்களுக்கும் குணமானதில் வித்தியாசம் இல்லை. ஏழு நாள் படுத்தவர்களுக்கு வேலைநாள் அதிகம் போனதுதான் மிச்சம். ஆனாலும் எங்கள் ஊரில் இன்றும் முதுகுப் பிடிப்பு என்றால் பலகையில் படுக்கப் போட்டுவிடுகிறார்கள்.

பாம்புக்கடிக்கு வருகிறேன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு, ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் வயலிலும் குடிசையிலும் நடப்பது. நம் ஊரில் கடித்த இடத்துக்கு மேலே கயிறோ துண்டோ போட்டு இறுக்குவதுதான் முதல் வேலை. கட்டினால்தானே விஷம் ஏறாது என்பார்கள். கட்டச் சொல்லவில்லை, அசைக்காமல் வைக்கத்தான் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தில் கால்கள் போயிருக்கின்றன.

விஷத்தின் பெரும்பகுதி ரத்தக்குழாய் வழியாக உடனே பாய்வதில்லை. நிணநீர்க் குழாய்கள் வழியாக மெல்ல ஏறும். அந்த நிணநீரைத் தள்ளுவது தசைதான். நடந்தால், ஓடினால், காலை உதறினால் ஒவ்வொரு முறையும் நாமே பம்பு அடித்து விஷத்தை மேலே ஏற்றுகிறோம். அதனால்தான் கடிபட்டவரை உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து, உடைந்த காலுக்குச் சிம்பு வைப்பதுபோல ஒரு கட்டையை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். கட்டுக்குள் விரல் நுழையணும். மோதிரம், மெட்டி, கொலுசு, காப்புக் கயிறு எல்லாம் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் சதையே வெந்ததுபோல வீங்கி அழுகும். அதற்கு மேல் கயிறும் இறுகினால் கால் முழுவதும் போகும். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்றால் வழியில் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது. தேங்கி நிற்கும் விஷம் ஒரேயடியாகப் பாயலாம். விஷமுறிவு மருந்தும் மூச்சுக் குழாயும் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர்தான் அதை அவிழ்க்க வேண்டும்.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் செய்வது வேறு. அவற்றின் விஷமே ஆளை அசையாமல் ஆக்கும். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதி நடுவில் அறுந்துபோகும். முதலில் இமை கனத்துத் தொங்கும், பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகளும் நின்றுவிடும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள். இவர்களைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கண் திறக்க முடியாமல், கை தூக்க முடியாமல் செத்தவர்போலக் கிடந்தாலும் உள்ளே நினைவு இருக்கலாம். பக்கத்தில் பேசுவது காதில் விழலாம். செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டே இருந்தால் விஷம் இறங்கி எழுந்து வருவார்கள். அசையவில்லை என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வந்துவிடக் கூடாது.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் செய்யும் சோதனையிலும் அசையாமைக்கு ஓர் இடம் இருக்கிறது. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் தொடாமல் வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். நடுவில் பதற்றத்தில் யாராவது ஆட்டிப் பார்த்தால் சோதனை கெட்டுப்போகும். அந்தக் கடிக்குக் கொடுக்கும் மருந்துக்கான விஷத்தை எடுப்பதில் நம் இருளர்களின் கைதான் முன்னால் நிற்கிறது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அங்கிருந்து வந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

யானைக்கும் இதே சொல்தான். 2023 மே மாதம் கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை வந்ததும், ஜூன் 5 அதிகாலை சின்ன ஓவுலாபுரம் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். பிறகு லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மயக்க ஊசி என்று நாம் சொன்னாலும் யானை முழுசாக மயங்கி விழக் கூடாது. யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கும். நெஞ்சைக் கீழே அழுத்திப் படுத்துவிட்டால் அந்த எடையிலேயே மூச்சு முட்டும். அதனால் நின்றபடி கிறங்கியிருக்கிற அளவுக்கு மருந்து போட்டு, பழக்கிய கும்கி யானைகளை வைத்து லாரிக்குள் தள்ளுவார்கள். வெயில் ஏறினால் உடம்புச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். தெளிய வைக்கிற ஊசியும் கையில் இருக்க வேண்டும். டி.வி.யில் ஊசி பாயும் நொடியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதற்குப் பிறகு கூடவே நின்றவர்களின் வேலைதான் பெரிது.

காருக்கு வரும் இம்மொபிலைசர் எளிமையானது. சாவிக்குள் ஒரு சில்லு, அதன் குறியீடு ஒத்துப்போகாவிட்டால் இன்ஜின் ஓடாது. காருக்கு வலிக்காது, அதோடு விட்டுவிடலாம்.

மனிதர்களைக் கட்டி வைத்த கதையைத்தான் விட்டுவிட முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். தீ பரவியபோது அவர்களால் ஓட முடியவில்லை. ஊரைவிட்டு ஓடிவிடுவார்கள், யாரையாவது அடித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். தீக்கு முன்னால் அந்தக் காரணம் எதற்கு ஆகும்?

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்தது. கட்டுப்படுத்தவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உடனடியாக ஒருவருக்குத் தீங்கு நேரப் போகிறது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாமல் செய்யலாம். ஏன் செய்தோம், எப்படி, எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்க வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. அவர் தனக்காக நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் மனநல நிலையங்களுக்கானது. ஆனால் ஐ.சி.யூ.வில் நம் அப்பா அம்மாவின் கையையும் கட்டிலோடு காஜ் துணியால் கட்டியிருப்பார்கள். தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதற்காக. பல நேரம் அது தேவைதான். பார்வை நேரத்தில் அதைப் பார்த்து அழுதுகொண்டு வெளியே வருகிறவர்கள், சிஸ்டரிடம் தயங்காமல் கேட்கலாம். எதற்காகக் கட்டியிருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு ஒருமுறை தளர்த்திப் பார்க்கிறீர்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் அந்த நேரமாவது அவிழ்த்துவிடலாமா என்று. நான் பார்த்தவரை, இப்படிக் கேட்டவர்களிடம் சிஸ்டர்கள் கோபித்துக்கொண்டதில்லை. பலர் அந்த நிமிடமே முடிச்சைத் தளர்த்தி, விரலை மடக்கி நீட்டிவிட்டு, அந்தக் கையைச் சொந்தக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள்.